பத்தில் ஒன்பது பேர்

பிப்ரவரி 4

அன்புள்ள ஊசிக்கு,

அக்கா எழுதுகிறேன், நீ எவ்வளவு பெரிய டாக்டரானாலும் எனக்கு ஊசி போடுகிற என் தம்பிதான். இங்கே நானும் உன் அத்தானும் மகளும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அவர்கள் இருவரும் சுகம். என்னைப் பற்றிக் கீழே. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் பொய்தான் சொல்லுவாய்.

இதைப் போனில் சொன்னால் நீ டாக்டராகிவிடுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் வழக்கம்போலக் கடிதம்.

போன மாதம் வேலைக்குப் போனபோது கிரேன் ஏணியில் பாதியில் நின்றுவிட்டேன். எங்கள் கிரேனில் லிஃப்ட் முக்கால் தூரம்தான் போகும், அதற்கு மேல் ஏணி. அன்றைக்குக் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டன. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கீழே சைகை காட்டும் ஆள், நாங்கள் கைகாட்டி என்று கூப்பிடுவோமே, அவர் ஏறி வந்து என் இடுப்போடு தன் பெல்ட்டை மாட்டி ஒவ்வொரு படியாக இறக்கினார். துறைமுக டாக்டர் பார்த்ததில் ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. ரத்தத்தில் பொட்டாசியம் தரைதட்டிவிட்டதாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியில் ஒரு கட்டி, பட்டாணி அளவு. தொடை வழியாகக் குழாய் விட்டு இரண்டு பக்கமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, இடதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இப்போது என்னை வாசலில் லாரி எடை போடும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். "என்ன மேல்வீட்டுக்காரி, கீழ்வீட்டுக்கு வந்துட்டியா?" என்று போகிற வருகிற டிரைவரெல்லாம் கேட்கிறார்கள். சிரித்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இனி விஷயம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரைக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் கிரேன் உச்சியில் உட்கார்ந்து ஓட்டுகிற கூண்டில் ஏறக் கூடாது என்பது விதி. ஆபரேஷன் செய்து ஆறு மாதத்தில் அந்த நிலைக்கு வந்தால் என் கிரேன் எனக்கே. இல்லையென்றால் இல்லை. இதற்கிடையில் பயிற்சிக் கொட்டகையில் புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இடம் ஒன்று காலியாகிறது. நல்ல வேலை. ஆனால் அதை எடுத்தால் கூண்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மார்ச் நடுவில் பதில் சொல்ல வேண்டும்.

இந்த நோயைத்தானே நீ ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாய்? எனக்கு என்ன ஆகும், உள்ளதைச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். சாப்பிடுகிறேன், பொய் இல்லை. அத்தானிடம் போனில் பேசினேன். உன்னிடம் கொடுக்கச் சொன்னேன், நீ கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்.

பயப்பட ஒன்றுமில்லை. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று இருக்கிறது. அட்ரினல் சுரப்பி அதை அளவாகக் கொடுக்க வேண்டும். உன் கட்டி யார் பேச்சையும் கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. உப்பும் தண்ணீரும் தங்கி அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் வெளியே போய்க் கால் துவள்கிறது. அந்தச் சுரப்பியை எடுத்துவிடலாம். வலது பக்கத்துச் சுரப்பி ஒன்றே உனக்குப் போதும். வயிற்றில் மூன்று நான்கு துளைகள்தான் போடுவார்கள்.

எடுத்த பிறகு சிலருக்கு அழுத்தம் சரியாகி மாத்திரையே வேண்டியிருக்காது. சிலருக்கு அழுத்தம் குறையும், மாத்திரை தொடரும். யாருக்கு எது என்று முன்கூட்டியே கணிப்பதுதான் இங்கே நாங்கள் ஐந்து வருடமாகச் செய்யும் வேலை. பெரிய மந்திரம் இல்லை. ஆணா பெண்ணா, எத்தனை வருடமாக அழுத்தம், எத்தனை மாத்திரை, எடை எவ்வளவு, இவற்றுக்குப் புள்ளி போட்டுப் பார்க்கிறோம். நீ பெண், அதற்கு ஒரு புள்ளி உண்டு. உன்னைப் பெற்றதில் அம்மாவுக்குக் கிடைத்த லாபம் என்று வைத்துக்கொள். மற்றதை எழுது.

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே.

உன் தம்பி

*

பிப்ரவரி 24

அன்புள்ள ஊசிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கேட்டதற்குப் பதில். அழுத்தம் வந்து பதினொரு வருடம். "டென்ஷன்மா, கோபத்தைக் குறைச்சுக்கோங்க" என்று இத்தனை வருடமும் எல்லா டாக்டரும் சொன்னார்கள். குறைத்தேன், அழுத்தம்தான் குறையவில்லை. மாத்திரை இப்போது நாலு வகை. எடை, எடை போடும் அறையில் உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்கிறாயே. எழுபத்தாறு. லாரிகளோடு ஒப்பிட்டால் நான் மெல்லிசு.

இனி நீ புள்ளி போட்டுச் சொல். 'சிலருக்கு அப்படி, சிலருக்கு இப்படி' என்று எழுதியிருந்தாய். நான் எந்தச் சிலர்? நூற்றுக்கு எத்தனை? கூண்டுக்குத் திரும்புவேனா மாட்டேனா, அதை மட்டும் சொன்னால் போதும். மாட்டேன் என்றால் எதற்கு வயிற்றைத் துளை போட்டுக்கொள்ள வேண்டும்? இப்படியே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்துவிடுகிறேன். எனக்குக் கத்தி என்றாலே பயம், உனக்குத் தெரியும்.

துறைமுக டாக்டரிடம் உன் பெருமை பேசி உன் நம்பரையும் கொடுத்திருக்கிறேன். "என் தம்பிக்குத் தெரியாத சுரப்பி இல்லை சார்" என்றேன். சிரித்தார்.

உன் அத்தான் கொஞ்ச நாளாகப் போன் வந்தால் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறார். கடையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவருக்கு என்ன அப்படி ரகசியமோ.

பதிலைச் சீக்கிரம் போடு.

உன் அக்கா

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு நேராக வருகிறேன். இந்த ஆபரேஷன் செய்துகொள்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைக்கிறது. நல்ல கைராசிக்கார சர்ஜன் உனக்கு அமைந்திருக்கிறார், விசாரித்துவிட்டேன். தைரியமாக ஒத்துக்கொள்.

கொட்டகை வேலையைப் பற்றி நான் என்ன சொல்வது? நீ கூண்டுக்காரி. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உப்பைக் குறை.

உன் தம்பி

*

மார்ச் 20

அன்புள்ள ஊசிக்கு,

நானும் உன் அத்தானும் மகளும் சுகம். சுகத்திலும் சுகம் என்று வைத்துக்கொள்.

பத்தில் ஒன்பது. உன் கடிதத்தை மகளிடம் உரக்கப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். அவள் கணக்குப் படிக்கிற பெண் இல்லையா, "எங்க காலேஜ்ல பாஸாகறவங்களே அவ்வளவு இல்லைம்மா" என்றாள்.

மறுநாளே போய்க் கொட்டகை வேலை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேனேஜர், "நல்லா யோசிச்சீங்களா?" என்றார். "எனக்காக யோசிக்க டாக்டரே இருக்கார்" என்றேன். அந்த இடம் பக்கத்துக் கிரேன்காரருக்குப் போய்விட்டது. என்னைவிட ஆறு வருடம் இளையவர், ஆனால் முதுகுவலிக்காரர். "உனக்கு வேண்டாம்னா சரி, எனக்கு இது லாட்டரி" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். எழுந்து போய்க் குழாயை மூடினார். குழாய் மூடித்தான் இருந்தது.

ஆபரேஷன் ஏப்ரலில். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே உட்கார்ந்து பார்க்கிறபோது கப்பல் கன்டெய்னரெல்லாம் தீப்பெட்டி மாதிரி வரிசையாகத் தெரியும், காலுக்குக் கீழே கண்ணாடி, அதற்கும் கீழே கைகாட்டியின் மஞ்சள் தொப்பி. அதை நினைத்துக்கொள்கிறேன்.

லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ.

உன் அக்கா

*

ஏப்ரல் 28

அன்புள்ள ஊசிக்கு,

உயிரோடு இருக்கிறேன், எழுந்து நடக்கிறேன், சாப்பிடுகிறேன். நீ வருவாய் என்று எதிர்பார்த்தேன். மாநாடு என்று அத்தான் சொன்னார். பரவாயில்லை.

சுரப்பியைக் காட்டச் சொன்னேன். சின்னப் பாட்டிலில் மஞ்சளாக, ஒரு கொண்டைக்கடலையை நசுக்கின மாதிரி. இதுவா என்னைப் பதினொரு வருடம் ஆட்டி வைத்தது என்று இருந்தது.

ஆபரேஷன் முடிந்து சில நாளில் நூற்றுப் பதினெட்டு. நாலு மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். வார்டு நர்ஸ், "உங்களைப் பார்த்தா எனக்கே பொறாமையா இருக்கு" என்றாள். ராத்திரியில் வருமே அந்தக் கெண்டைக்கால் பிடிப்பு, அது போன இடம் தெரியவில்லை. ஜாடி மூடியை நானே திறக்கிறேன். உன் அத்தானுக்கு வீட்டில் இருந்த ஒரே வேலையும் போய்விட்டது.

அக்டோபரில் துறைமுக டாக்டரிடம் போக வேண்டும். இப்போதே போனாலும் பாஸ்தான்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தம்பிக்கு நன்றி சொல்வது வழக்கமும் இல்லை.

உன் அக்கா

*

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பது பெரிய நிம்மதி. வர முடியாததற்கு வருத்தம். நானும் சுகம்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் சில வாரத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதே. ஆபரேஷன் முடிந்ததும் எல்லோருக்கும் இறங்கும். உடம்பு புது நிலைமைக்குப் பழக ஆறு மாதம் ஆகும். வருடக்கணக்காக அழுத்தம் தாங்கிய ரத்தக் குழாய்கள் கொஞ்சம் விறைத்திருக்கும், கட்டி போனாலும் அவை உடனே இளகாது. ஏறினாலும் மனம் விடாதே, மாத்திரை கொடுத்தால் தயங்காமல் சாப்பிடு. முக்கியமானது இதயமும் மூளையும்தான். மற்றதெல்லாம் பிறகு.

மகளை நன்றாகப் படிக்கச் சொல்.

உன் தம்பி

*

ஜூலை 16

அன்புள்ள ஊசிக்கு,

சுகம் என்று பாதி எழுதலாம்.

போன மாதம் நூற்று நாற்பத்திரண்டு, இந்த மாதம் நூற்று ஐம்பத்தெட்டு. ஒரு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று வரை விதி இடம் கொடுக்கிறது, அதனால் இன்னும் கப்பல் கவிழவில்லை. உப்பில்லாமல் சாப்பிடுகிறேன், காலையில் நடக்கிறேன், மூன்று கிலோ குறைந்திருக்கிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும், எழுது.

உன் கடைசிக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். 'மற்றதெல்லாம் பிறகு' என்று எழுதியிருக்கிறாய். எது பிறகு? நான் அந்தப் பத்தாவது ஆளாகிவிட்டேனா? அப்படியானால் அதையும் சொல்லிவிடு.

இந்தத் தடவை பதில் போட மறந்துவிடாதே.

உன் அக்கா

*

அக்டோபர் 9

தம்பிக்கு,

ஜூலையில் எழுதியதற்குப் பதில் இல்லை. ஏன் இல்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது.

துறைமுக டாக்டரிடம் போனேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். இப்போது இரண்டு மாத்திரை, அதிலும் நூற்று நாற்பது.

"முன்னால நாலு மாத்திரையில நூத்தித் தொண்ணூறு. இப்ப ரெண்டுல நூத்தி நாப்பது. நல்ல பலன்தான்மா இது" என்றார்.

"பலன் இருக்கட்டும் சார். இன்னும் ரெண்டு மாசம் டைம் கொடுங்க. ஒண்ணாக் குறைச்சுக் காட்டறேன். அதுவரைக்கும் கிரேனை யாருக்கும் கொடுத்துடாதீங்க."

அவர் பட்டையைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார். "அதை மே மாசமே, உங்களுக்குப் பதிலா ஓட்டிட்டிருந்தவருக்கே நிரந்தரமாக் கொடுத்தாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

"ஆறு மாசம் பார்க்கறதாச் சொன்னீங்களே சார்."

"பார்க்கறதாத்தான் இருந்துச்சு. மார்ச் முதல் வாரம் உங்க தம்பிகிட்ட போன்ல பேசினேன். நீங்கதானே நம்பர் கொடுத்தீங்க? நாலு பேர்ல ஒருத்தருக்குத்தான் இந்த மாதிரி கேஸ்ல சரியாகும், அதை நம்பி இடத்தை வெச்சிருக்க வேண்டாம்னு சொன்னார். உங்ககிட்டயும் சொல்லியிருப்பார்னு நினைச்சேன். நீங்க கொட்டகை வேலையை வேண்டாம்னதும் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உன் அத்தான் சமையலறைத் தரையில் ஒரு கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கும் தெரியுமா?" என்றேன். அவர் 'எது' என்று கேட்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

ஒரு திருகாணியைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "சொன்னா நீ ஆபரேஷனுக்கு வர மாட்டேன்னு ரெண்டு பேருக்கும் பயம்."

"கொட்டகை வேலையை வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்து சொன்னேனே, அப்பக்கூடவா வாய் வரலை?"

"அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைத்தது. உன்னைத் திட்டத்தான் கிடைக்கவில்லை. உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'பலன்' என்று எழுதியிருக்கிறாய். கூண்டு என்று எழுதவில்லை. குணமாகும் என்று எழுதவில்லை. நான் கேட்டது ஒன்று, நீ பதில் சொன்னது வேறொன்று. அதை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி வைத்திருக்கிறாய். பச்சைப் பொய்யாக எழுதியிருந்தால்கூட, அக்கா மேல் பாசத்தில் உளறிவிட்டான் என்று விட்டிருப்பேன்.

ஒரே வாரத்தில் முன்பின் தெரியாத ஆளுக்கு உண்மை, எனக்கு இது.

முதலில் கேட்டவள் நான்.

*

அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

பிப்ரவரியில் நீ எழுதிய இரண்டாவது கடிதம் வந்த அன்றே புள்ளி போட்டுப் பார்த்தேன். பெண் என்பதற்கு ஒன்று. பதினொரு வருடம், நாலு மாத்திரை, எடை, எதற்கும் இல்லை. என் கணக்கில் நாலில் ஒன்று வந்தது. வேறொரு முறையில் போட்டுப் பார்த்தேன், அதே. கீழே நீ எழுதியிருந்த வரியைப் பார்த்தேன். கூண்டு கிடைக்காது என்றால் எதற்கு வயிற்றைத் துளை போட வேண்டும் என்று. கட்டியை உள்ளேயே விட்டிருந்தால் உன் இதயத்தை அது தின்றிருக்கும். என்னிடம் வருகிறவர்களில் இப்படிச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு, பிறகு வாய் கோணிப் படுக்கையில் வருகிறவர்களைப் பார்க்கிறேன். அம்மா மூன்று வருடம் ஒரு பக்கம் விழுந்து கிடந்தாள். இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது. அத்தானிடம் சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார்.

பலன் என்று எழுதியது பொய் இல்லை. உன் இதயத்தைச் சோதித்தால் உனக்கே தெரியும்.

துறைமுக டாக்டர் கேட்டபோது ஒரு டாக்டருக்கு டாக்டராகப் பதில் சொன்னேன். இடத்தை வைக்க வேண்டாம் என்று சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருக்கலாம். நீ கேட்டபோது தம்பியாகப் பதில் சொன்னேன். அதுதான் நடந்தது.

கொட்டகை வேலையை நீ விட்டுவிடுவாய் என்று நினைக்கவில்லை என்று எழுதினால் நம்பமாட்டாய். எழுதவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தம்பி

*

டிசம்பர் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய மூன்று கடிதமும் டிவி மேல் இருக்கின்றன. முதலாவதைப் படித்தாள். மற்ற இரண்டையும் பிரிக்கவில்லை. தூக்கியும் போடவில்லை. தூசி தட்டும்போது எடுத்துத் தட்டிவிட்டு அங்கேயே வைக்கிறாள்.

என்னோடு பேசுகிறாள். எப்படி என்றால், தண்ணீர் வந்துவிட்டது, கேஸ் தீரப் போகிறது, இப்படி. கத்தினால் தாங்கிக்கொள்வேன். சிரித்த முகமாகத் தட்டை வைக்கிறாள், அதுதான் பயமாக இருக்கிறது. எடை அறையில் வேலை அப்படியே. அந்தக் கொட்டகைக்காரரைப் பார்த்தால் நின்று நலம் விசாரிக்கிறாளாம். அவர் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

இப்போது எழுதக் காரணம் வேறு. மகளுக்குக் காலேஜில் சோதனை செய்தபோது நூற்று ஐம்பது இருந்ததாம். பத்தொன்பது வயதுக்கு அது அதிகம்தானே? மாமாவிடம் கேட்போம் என்றேன். உன் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இது அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற நோயா? என்ன என்பதை எனக்கு மட்டும் ஒரு வரி எழுது. கடை விலாசத்துக்கு எழுது. அவர்கள் இருவருக்கும் தெரிய வேண்டாம், பயந்துபோவார்கள்.

அத்தான்

*

ஜனவரி 23

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் அத்தான் உனக்கு எழுதினாராம். பதில் வரவில்லை என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு, அவராகவே வந்து என்னிடம் சொன்னார். என் முதுகுக்குப் பின்னால் அவருக்கு எழுதாமல் இருந்தாயே, அந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிவி மேல் இருந்த இரண்டையும் பிரித்துப் படித்துவிட்டேன்.

இதயத்தைச் சோதித்தார்கள். தடித்திருந்த சுவர் இளைத்து வருகிறதாம். கால் நன்றாக இருக்கிறது. நீ சொன்ன பலன் கிடைத்திருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆபரேஷன் செய்துகொண்டதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த மூன்று வருடமும் நீ ஹாஸ்டலில் இருந்தாய். விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டு அழுதுவிட்டுப் போவாய். அவளைப் புரட்டிப் போட்டுத் துடைத்தவள் நான். வாய் ஓரமாக ஒழுகுகிற கஞ்சியை வழித்தவள் நான். எனக்கா நீ பக்கவாதத்தைச் சொல்லப் பயந்தாய்?

வயிற்றைத் துளை போட மாட்டேன் என்று எழுதினேன், உண்மைதான். பயத்தில் எழுதினேன். ஒரு போன் போட்டு, "அக்கா, லூசு மாதிரி பேசாதே, கூண்டு போனது போனதுதான், உயிரைப் பார்" என்று சண்டை போட்டிருக்கலாம். சின்ன வயதில் ஒரு பென்சிலுக்கு என்னோடு மூன்று நாள் சண்டை போட்டவன் நீ. நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? ஒரு வாரம் அழுதிருப்பேன். பிறகு ஆபரேஷனும் செய்துகொண்டிருப்பேன், கொட்டகை வேலையையும் எடுத்திருப்பேன். இரண்டையும் சேர்த்து எடுக்கலாம் என்று படித்த உனக்கும் தோன்றவில்லை, கூடவே வாழ்கிற அவருக்கும் தோன்றவில்லை. எல்லோருடைய ரத்த அழுத்தத்தையும் கணிக்கிறாய். என்னை உனக்குக் கணிக்கத் தெரியவில்லை. கேட்டிருந்தால் போதும், கணிக்கவே வேண்டியிருந்திருக்காது.

மகளை உன்னிடம் அனுப்பவில்லை. இங்கேயே வேறொரு டாக்டரிடம் போனோம். எங்களுக்குத் தெரியாத பெண்மணி. ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்து, போன வியாழன் முடிவைக் கேட்க வரச் சொன்னார்கள். உன் அத்தானும் வந்தார். முதலில் மகளைக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் என்னவோ கேட்டுவிட்டு, வெளியே உட்காரச் சொன்னார்கள். பிறகு டாக்டரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா அப்பா ரெண்டு பேரும் கொஞ்சம் உள்ள வாங்க. பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

உன் அத்தான் எழுந்துவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"அவளுக்குப் பத்தொன்பது வயசாச்சு டாக்டர். சொல்ல வேண்டியதை அவகிட்டயே சொல்லுங்க."

"நீங்களும் கூட வரலாமே."

மகள் என்னைப் பார்த்தாள். "நான் மட்டும் போறேன்மா" என்றாள். போனாள். கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேச்சு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. எழுந்து கதவருகே போய் நிற்கத்தான் என் உடம்பு முழுக்கத் துடித்தது. உனக்கும் மார்ச் மாதம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். நினைத்தேன் என்று மட்டும்தான் எழுதுகிறேன்.

அவள் வெளியே வந்து, "போலாமா?" என்றாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து நாலு ஸ்டாப் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு அவளாகவே என் பக்கம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். நல்லதையும் சொன்னாள், கெட்டதையும் சொன்னாள், டாக்டருக்கே இன்னும் தெரியாதது எது என்றும் சொன்னாள். உட்கார இடம் இருந்தும் உன் அத்தான் அவள் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அவளுக்கு என்ன என்று நீ கேட்பாய். அவளிடமே கேள். சொல்வது அவள் இஷ்டம்.

அக்கா